16 மணி நேரச் சமையல்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள டெக்ஸாஸ் ராஜ்யத்தில், நடுநிசியில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் வெளிச்சமும் புகையும் தெரிந்தால் அண்டை வீட்டார் கலவரப்படுவதில்லை. "இன்று அவர்கள் வீட்டில் பிரிஸ்கெட் போட்டிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். மறுநாள் மத்தியானம் தங்களுக்கும் ஒரு துண்டு வந்து சேரும் என்ற நம்பிக்கையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுக்கறி. அதை எலும்பில்லாமல் முழுக் கண்டமாக எடுத்து, உப்பும் மிளகும் தடவி, விறகுப் புகையில் இரவு முழுவதும் வைத்து வேகவிடுகிறார்கள். எண்ணெய் இல்லை, குழம்பு இல்லை, அரைத்த மசாலா இல்லை. 12 ராத்தல் எடையுள்ள ஒரு கண்டம் வேக 12 மணி நேரமும் ஆகலாம்; 18 மணி நேரமும் ஆகலாம். எப்போது வேகும் என்பது அடுப்பு மூட்டியவருக்கே தெரியாது. மறுநாள் ஒரு மணிக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள் என்பது மட்டும் நிச்சயம். இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட வீட்டுக்காரர் படும் பாடுதான் இந்தச் சமையலின் கதை.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அந்தப் பேச்சே வேண்டாம் என்பவர்களும் உண்டு. இரு தரப்பாரும் நெருப்போடு பழகியவர்கள்தானே. ஒரு மனிதன் அடுப்போடு ஓர் இரவு முழுவதும் போராடுவதைத் தெரிந்துகொள்வதில் யாருக்கும் தோஷமில்லை.

சுமை தாங்கும் நெஞ்சு

மனிதனுக்குத் தோளையும் மார்பையும் இணைக்கக் காறை எலும்பு இருக்கிறது. மாட்டுக்கு அது கிடையாது. அதன் முன்னங்கால்கள் உடம்போடு தசைகளாலேயே பிணைக்கப்பட்டிருக்கின்றன. மாடு நின்றாலும் நடந்தாலும் அதன் எடையில் பாதிக்கு மேல் அந்த முன்பாகத்தின் மேல்தான் விழுகிறது. பிறந்தது முதல் ஓய்வில்லாமல் சுமை தாங்கும் தசை மிருதுவாக இருக்குமா? நெஞ்சுக்கறி முழுவதும் கொலாஜன் என்னும் வலுவான நார்ப்பொருள் பின்னிக் கிடக்கிறது. மற்றக் கறியைப் போல வாணலியில் போட்டு அவசரமாக வறுத்தால், செருப்புத் தோலைக் கடிப்பது போலத்தான் இருக்கும். அதனால்தான் வெகுகாலம் கசாப்புக் கடைகளில் இதற்கு மதிப்பில்லாமல் இருந்தது.

ஆனால் கொலாஜனுக்கு ஒரு குணம் உண்டு. ஈரமும் மிதமான உஷ்ணமும் வெகுநேரம் கிடைத்தால் அது இளகி ஜெலட்டின் என்ற பசையாக மாறிவிடுகிறது. ஆட்டுக்கால் சூப் குடித்தவர்களுக்கு உதட்டில் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பு தெரியும். அது இந்த ஜெலட்டின்தான். கறியின் உட்பாகம் 160 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய பிறகு இந்த மாறுதல் மெள்ள மெள்ள நடக்கிறது. 200 டிகிரியை எட்டும்போது ஏறக்குறைய முடிகிறது. (தண்ணீர் கொதிப்பது 212 டிகிரியில் என்பதை வைத்து வாசகர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.) தீயைக் கூட்டினால் வேலை விரைவில் முடிந்துவிடாதா என்றால், முடியாது. வெளிப்புறம் கருகும், உள்ளே ரப்பராக இருக்கும். கொலாஜனுக்கு வேண்டியது நெருப்பைக் காட்டிலும் நேரம்.

கசாப்புக் கடையிலிருந்து கொல்லைப்புறத்துக்கு

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் குடியேறியவர்கள் மத்திய டெக்ஸாஸில் சிறு சிறு ஊர்களில் கசாப்புக் கடைகள் வைத்தார்கள். ஐஸ் பெட்டி இல்லாத காலம். விற்காத கறி கெட்டுப்போகுமுன் அதைப் புகையில் போட்டு வைப்பார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதை வாங்கி, கடைக்காரர் பொட்டலம் கட்டும் காகிதத்திலேயே வைத்துக் கையால் எடுத்துத் தின்றார்கள். தட்டு இல்லை, முள்கரண்டி இல்லை. அந்தப் பக்கத்துக் கடைகளில் இன்றும் காகிதத்தில்தான் கறி வருகிறது. முதலில் ஏழ்மையால் வந்த பழக்கம், பிறகு கௌரவமாகிவிட்டது!

லாக்ஹார்ட் என்ற சிற்றூரில் 1900ஆம் வருஷம் சார்லஸ் கிரோய்ட்ஸ் என்பவர் ஆரம்பித்த கடை இவற்றுள் பிரசித்தமானது. அந்தக் கடை பிற்காலத்தில் வேறொரு குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தக் குடும்பத்து உடன்பிறந்தாருக்குள் கருத்து வேற்றுமை உண்டாகி, 1999இல் கடை புது இடத்துக்குப் பெயர்ந்தது. அப்போது பழைய அடுப்பின் தணலை ஒரு தொட்டியில் வாரிப் போட்டு, தெரு வழியே இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பில் சேர்த்தார்கள். பெயரைவிட, கட்டடத்தைவிட, அந்தத் தணலை அவர்கள் பெரிதாக நினைத்தார்கள் போலும்.

இந்தக் கடைகளில் ஆதியில் எந்தக் கறி மிஞ்சியதோ அதுதான் புகைக்குப் போயிற்று. நெஞ்சுக்கறி தனி ராஜாங்கம் நடத்தத் தொடங்கியது பின்னால்தான். யூதர்களின் வீடுகளில் அதற்கு முன்பிருந்தே மதிப்பு உண்டு. அவர்களுடைய மத ஆசாரப்படி மாட்டின் பின்பாகத்தைப் பக்குவம் செய்வது சிரமம் என்பதால், முன்பாகத்துக் கறியே வழக்கமாகிவிட்டது. 1967இல் அயோவா பீஃப் என்ற கம்பெனி, முழு மாட்டை அனுப்பாமல், பாகம் பாகமாக வெட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்பும் முறையைப் புகுத்தியது. அதன் பிறகு, கடைக்காரர் ஒரு மாட்டுக்கு இரண்டே நெஞ்சுக் கண்டங்கள் என்ற கணக்கில் கட்டுப்பட்டிருக்க வேண்டியதில்லை. வேண்டிய மட்டும் வரவழைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று.

வீட்டுக்கு வந்த வழி வேறு. 1952இல் இல்லினாய்ஸ் ராஜ்யத்தில், உலோகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடலில் மிதக்கவிடும் மிதவை ஒன்றைப் பாதியாக வெட்டிக் காலும் மூடியும் வைத்து அடுப்பாக்கினார். வெபர் என்ற பெயரில் உலகமெங்கும் போன உருண்டை அடுப்பு அதுதான். டெக்ஸாஸ்காரர்களோ, எண்ணெய்க் கிணறுகளில் மிஞ்சிய பருத்த குழாய்களை வெட்டிப் பற்றவைத்து, பக்கத்தில் நெருப்புப் பெட்டியும் மறுகோடியில் புகைபோக்கியும் உள்ள நீளமான அடுப்புகளைச் செய்துகொண்டார்கள். கறி இருக்கும் அறையில் நெருப்பு இல்லை. நெருப்பு பக்கத்து அறையில் எரிகிறது. அதன் காற்றும் புகையும் மட்டும் கறியைத் தடவிக்கொண்டு போகின்றன.

விறகு அறிந்தவர்

கண்டத்தைச் சீர் செய்வதில் முதல் வேலை கத்திக்கு. மேலே படிந்த கொழுப்பைக் கால் அங்குலம் விட்டு மற்றதை வழித்து எறிந்துவிட வேண்டும். கொழுப்பு முழுவதையும் எடுத்தால் கறி உலர்ந்துபோகும். எடுக்காவிட்டால் உப்பும் புகையும் உள்ளே போகாது. பிறகு சரிபாதி உப்பும், கொரகொரப்பாகப் பொடித்த மிளகும். மத்திய டெக்ஸாஸில் இதற்கு மேல் ஒன்றும் சேர்க்க மாட்டார்கள். சர்க்கரை, பூண்டுத் தூள், மிளகாய்த் தூள் என்று அடுக்குகிறவர்கள் வேறு ராஜ்யத்துக்காரர்கள் என்று ஒரு புன்னகையோடு தள்ளிவிடுவார்கள்.

விறகில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே போஸ்ட் ஓக் என்ற மரத்தைக் கொண்டாடுகிறார்கள். மேற்கே வறண்ட பிரதேசத்தில் மெஸ்கீட். அது நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் உறவுதான், வேகமாக எரியும், புகை காரமாக இருக்கும். எந்த மரமானாலும் வெட்டிப் பல மாதம் உலர்ந்திருக்க வேண்டும். ஈர விறகோடு ஊதுகுழல் பிடித்து மல்லாடிய நம் தாய்மார்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈர விறகும், காற்றில்லாமல் மூச்சு முட்டும் நெருப்பும் வெள்ளையாகக் கனத்த புகையைக் கக்கும். அந்தப் புகை கறியில் படிந்தால் கசக்கும். நன்றாக மூச்சுவிட்டு எரியும் சிறு நெருப்பிலிருந்து வரும் புகையோ, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், லேசான நீல நிறமாக இருக்கும். அதுதான் வேண்டும். ஆகவே பெரிய நெருப்பு மூட்டி மூடிவைக்கும் குறுக்கு வழி உதவாது. சின்ன நெருப்பு, முக்கால் மணிக்கு ஒரு தரமாவது ஒரு கட்டை. அடுப்பறையின் உஷ்ணம் 225 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. 275க்கு மேலே ஏறக் கூடாது. இரவு தூக்கம் போவது இதனால்தான்.

உருண்டை அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. கரிக்கட்டிகளைச் சுவரோரமாகப் பிறைச்சந்திரன் போல வரிசையாக அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பற்றவைத்துவிடுவார்கள். ஊதுவத்தி எரிவது போல அது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நிதானமாக நகர்ந்துகொண்டே போகும். மேலே இரண்டொரு விறகுத் துண்டுகள் புகைக்கு. ஒரு மணி, இரண்டு மணி என்று கண்ணயரலாம். மின்சாரமே மரத்தூள் குச்சிகளை ஊட்டி உஷ்ணத்தைக் காத்துக்கொள்ளும் அடுப்புகளும் 1980களிலிருந்து வந்துவிட்டன. வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே கைபேசியில் கறியின் உஷ்ணத்தைப் பார்த்துக்கொள்கிறார். அதைச் சமையல் என்று ஒப்புக்கொள்ளாத கிழவர்கள் டெக்ஸாஸில் நிறைய இருக்கிறார்கள்.

எந்த அடுப்பானாலும் வீட்டுக்கு வெளியே, திறந்தவெளியில்தான் இருக்க வேண்டும். மழை என்று மோட்டார் கொட்டகைக்குள் இழுத்து வைத்தால், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்ஸைடு வாயு உயிரைக் குடித்துவிடும்.

உஷ்ணமானி நின்றுபோகும் வேளை

சாயங்காலம் ஏழு மணிக்கு அடுப்பில் வைத்த கண்டம் முதலில் வெகு உற்சாகமாகச் சூடேறுகிறது. நடுநிசிக்குள் உள் உஷ்ணம் 150 டிகிரியை எட்டிவிடும். "இந்த வேகத்தில் போனால் விடியுமுன் முடிந்துவிடும்" என்று வீட்டுக்காரர் மனக்கோட்டை கட்டுகிறார். அந்த நேரம் பார்த்து உஷ்ணமானி நின்றுவிடுகிறது. ஒரு மணி ஆகிறது, இரண்டு மணி ஆகிறது; 155, 156. மூன்று மணிக்குச் சில சமயம் ஒரு டிகிரி இறங்கியும் விடும்! நெருப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கறி மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம்கூட இப்படியே நிற்பது உண்டு.

புதிதாகச் செய்கிறவர்கள் கெட்டுப்போவது இந்த வேளையில்தான். உஷ்ணமானி பழுது என்று எண்ணி வேறொன்றைத் தேடுவார்கள். மூடியைத் திறந்து திறந்து பார்த்து, இருக்கிற சூட்டையும் வெளியே விடுவார்கள். பொறுமையிழந்து விறகை அள்ளிப் போட்டு 350 டிகிரிக்கு ஏற்றிவிடுவார்கள். பத்து மணி நேர உழைப்பு அரை மணியில் கரியாகும். இன்னும் சிலர் "இது வெந்ததாகத்தான் இருக்க வேண்டும்" என்று தங்களைத் தாங்களே சமாதானம் செய்துகொண்டு எடுத்துவிடுவார்கள். விருந்தாளிகள் மரியாதைக்கு மென்றுகொண்டே இருப்பார்கள்.

ஏன் நிற்கிறது? கொழுப்பு உருகுவதில் சூடு செலவாகிறது என்றார்கள் சிலர். கொலாஜன் இளகுவதில் செலவாகிறது என்றார்கள் வேறு சிலர். கிரெக் பிளாண்டர் என்ற அமெரிக்கப் பௌதிக நிபுணர் இந்த நூற்றாண்டில் இதைச் சோதித்துப் பார்த்தார். தண்ணீரில் நனைத்த ஒரு பஞ்சையும், ஒரு கொழுப்புக் கட்டியையும் சூட்டில் வைத்தார். கொழுப்பின் உஷ்ணம் நிற்காமல் ஏறிக்கொண்டே போயிற்று. ஈரப் பஞ்சு, கறியைப் போலவே பாதி வழியில் நின்றுவிட்டது! பஞ்சில் கொழுப்பு ஏது, கொலாஜன் ஏது? தண்ணீர்தானே இருக்கிறது. ஆகவே காரணம் வியர்வை. சூடேறும் கறியிலிருந்து ஈரம் கசிந்து மேற்பரப்பில் ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நெருப்பு கொடுக்கும் சூடும் ஆவி எடுக்கும் சூடும் சமமாகிவிட்டால், உஷ்ணமானி அசையாது. சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான். அந்தப் பானை அங்கே கறி உருவில் அடுப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரிந்துவிடும். பானைக்கு மெழுகு பூசிவிட்டால் தண்ணீர் குளிராது அல்லவா? அதுபோல, கண்டத்தை அலுமினியத் தகட்டில் இறுகச் சுற்றிவிட்டால் ஆவி போக வழியில்லை. உஷ்ணம் மடமடவென்று ஏறும். டெக்ஸாஸில் இதற்கு "ஊன்றுகோல்" என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. தன் காலில் நிற்க முடியாதவன் பிடிப்பது என்று அர்த்தம். கேலிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரவெல்லாம் புகையும் மிளகும் சேர்ந்து கட்டிய கறுத்த பொருக்கு, தகட்டுக்குள் நீராவியில் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. அந்தப் பொருக்குதானே பாதி ருசி!

இதற்கு நடுவழி ஒன்றைப் பிரபலப்படுத்தியவர் ஆஸ்டின் நகரத்து ஆரன் பிராங்க்ளின். கொல்லைப்புறத்தில் ஒரு மலிவான சின்ன அடுப்பை வைத்துக்கொண்டு, கறியைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டவர். 2009இல் ஒரு வண்டியில் கடை வைத்தார். சில வருஷங்களில் ஜனங்கள் மணிக்கணக்காக அங்கே வரிசையில் நின்றார்கள். 2015இல் அமெரிக்கச் சமையற்காரர்கள் பெரிதாக மதிக்கும் ஜேம்ஸ் பியர்டு பரிசும் அவருக்குக் கிடைத்தது. அவர் சுற்றுவது கசாப்புக் கடைக்காரர்களின் மெழுகில்லாத பழுப்புக் காகிதம். அது ஆவியைக் கொஞ்சம் தடுக்கிறது, கொஞ்சம் விடுகிறது, கொழுப்பில் ஊறிப் பளபளக்கிறது, பொருக்கும் பிழைத்துக்கொள்கிறது. பழைய பொட்டலக் காகிதம் இப்படி மறுபடியும் வேலைக்கு வந்தது ஒரு வேடிக்கை. அத்தனை கைதேர்ந்தவருடைய கடையிலும் 2017ஆம் வருஷம் ஆகஸ்டில், ஹார்வி புயற்காற்று அடித்த சமயம், அடுப்பிலிருந்து பறந்த பொறியால் புகைக்கூடம் தீப்பற்றி எரிந்து, சில மாதம் கடை மூடிக் கிடந்தது. காற்று நாளில் அடுப்பை விட்டு நகரக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதையெல்லாம் பாடமாகவே சொல்லிக் கொடுக்க டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலையின் இறைச்சி விஞ்ஞானப் பேராசிரியர்கள் 2013இல் ஒரு முகாம் தொடங்கினார்கள். நெஞ்சுக்கறிக்கென்று சர்வகலாசாலை வகுப்பு!

வெந்ததா, இல்லையா?

203 டிகிரி என்று பலரும் மந்திரம் போல ஒரு கணக்கைச் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு மாடும் ஒவ்வொரு விதம். ஒரு கண்டம் 195இல் இளகிவிடும். இன்னொன்று 205 ஆனாலும் பிடிவாதம் செய்யும். அனுபவசாலி எண்ணைப் பார்ப்பதோடு விடாமல் ஊசியைக் குத்திப் பார்க்கிறார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல எங்கும் தடையில்லாமல் இறங்கினால் சரி. எங்கேனும் இழுத்துப் பிடித்தால் இன்னும் அரை மணி.

எடுத்தவுடன் வெட்டக் கூடாது. வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். சுற்றிய காகிதத்தோடு துண்டுகளில் பொதிந்து, ஐஸ் போடாத ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அங்கே அது மூன்று நாலு மணி நேரம் சூடு ஆறாமல் இருக்கும். 140 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் கெடுதல் இல்லை. ஒரு மணி விருந்துக்குக் கறி ஒரு மணிக்கு வேக வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் எப்போதும் தவிப்பார். காலை ஒன்பது மணிக்கு முடியட்டும் என்று ஆரம்பிக்கிறவருக்கு, நள்ளிரவில் உஷ்ணமானி நின்றாலும் நாலு மணி நேரம் கைவசம் இருக்கிறது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்.

வெட்டுவதிலும் ஒரு சூட்சுமம். கண்டத்தில் இரண்டு தசைகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கின்றன. தட்டையானது கொழுப்புக் குறைவு. முனையில் திரண்டிருப்பது கொழுப்பு மிகுந்தது. இரண்டின் நாரும் வேறு வேறு திசையில் ஓடுகின்றன. நாருக்குக் குறுக்கே வெட்டினால்தான் வாயில் கரையும். ஆகவே பாதியில் கண்டத்தைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். பென்சில் கனத்துக்கு ஒரு துண்டு எடுத்து விரலின்மேல் போட்டால், அது இரு புறமும் வளைந்து தொங்க வேண்டும். அறுந்து விழக் கூடாது. விழுந்தால் அளவுக்கு மீறி வெந்துவிட்டது. வளையாமல் நின்றால் போதவில்லை.

துண்டின் ஓரத்தில், கறுத்த பொருக்குக்குக் கீழே, ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும். வேகாத கறி என்று புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். புகையில் உள்ள வாயுக்கள் கறியின் சிவப்புப் பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. அழகுதான், ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏழைக் கறி என்ற பெயர் இதற்கு இப்போது பொருந்தாது. 2011இல் டெக்ஸாஸைக் கடும் வறட்சி தாக்கி மந்தைகள் குறைந்தன. 2014இல் மாட்டிறைச்சி விலை எகிறியது. ஊர் ஊராகக் கடைகள் பெருகியதும் கிராக்கியைக் கூட்டியது. அதோடு, வாங்கிய எடையில் ஏறக்குறையப் பாதி, கழித்த கொழுப்பாகவும் ஆவியாகவும் உருகிய நெய்யாகவும் போய்விடுகிறது. 12 ராத்தல் வாங்கினால் இலைக்கு வருவது ஆறு ராத்தல்தான். இவ்வளவு செலவும் ஓர் இரவுத் தூக்கமும் ஒரே கண்டத்தின்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர், மூன்று மணிக்கு உஷ்ணமானியை முறைத்துப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை.

விருந்தாளிகள் கையை நக்கிக்கொண்டு சாப்பிடும்போது, சமைத்தவர் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. 16 மணி நேரம் புகையிலேயே இருந்த மூக்குக்கு அந்த மணமே தெரிவதில்லை. அதனால்தான் சிலர் சட்டையை மாற்றி, தலைக்குக் குளித்துவிட்டு வந்து பந்தியில் உட்காருகிறார்கள். அதற்கும் நேரமில்லாதவர்கள் நாலு துண்டை எடுத்து ஒளித்து வைத்து, மறுநாள் காலையில் ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்கிறார்கள். அப்போதுதான் முதல்நாள் என்ன சமைத்தோம் என்பது அவர்களுக்குத் தெரிகிறது.